பாய் இருக்கிற இடம்

மார்ச் 4

இன்றும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், திரும்புகிறேன். அக்கா வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் கடல் ஏறி வற்றும் மணல்வெளி. அதன்மேல் கரும்பச்சையாக, தோல் போல, நுண்ணுயிர்ப் பாய். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் பசை சுரந்து மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. அதை ஆராயத்தான் இங்கே வந்து தங்கியிருக்கிறேன். அக்காவோ அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு போட்டிருக்கிறாள்.

"அழுகின முட்டை நாத்தம்டி. ஜன்னலைத் திறந்து வருஷக்கணக்காச்சு. உனக்கு அது ஆராய்ச்சி, எனக்குத் தலைவலி."

அவள் சொல்வதும் நியாயம்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

மார்ச் 6

நகராட்சிப் பொறியாளரைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் 'பாத்துக்கலாம்' என்கிற மனிதர். சுரண்டினால் மணல் போய்விடும், பிறகு சுவர் நிற்காது என்று தொண்டை வறளச் சொன்னேன். "சரிம்மா, பாய் இருக்கிற இடத்தைத் தொட மாட்டோம். மத்ததைச் சுத்தம் பண்ணிடறோம். பாத்துக்கலாம்" என்றார்.

நம்பலாமா? நம்பித் தொலைத்தேன்.

மார்ச் 10

படுபாவிகள்! அளக்கும்போது மண்டியிட நான் விரித்துப் போடும் பிளாஸ்டிக் பாய் — அதைச் சுற்றிக் கட்டிலளவு இடத்தை விட்டுவிட்டு, மொத்த வெளியையும் வழித்துவிட்டார்கள். டிராக்டர் ஓட்டுநர் பெருமையாக வேறு சொல்கிறார்: "உங்க பாயைத் தொடவே இல்ல மேடம்."

சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். நுண்ணுயிர்ப் பாயாம்! எவன் வைத்தான் இந்தப் பெயரை?

அக்கா எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 11

அவளோடு பேசவில்லை.

மார்ச் 19

முந்தாநாள் தொடங்கிய காற்று இன்றுதான் ஓய்ந்தது. வழித்த இடமெல்லாம் மணல் அரித்துப்போய் வரிவரியாகக் கிடக்கிறது. பின்சுவரின் அடிக்கல் வெளியே தெரிகிறது. விட்டுவைத்த துண்டு மட்டும் மேசை போல உயர்ந்து நிற்கிறது. இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை நானே திட்டமிட்டிருந்தாலும் அமைத்திருக்க முடியாது. ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அக்கா வீடு இடியப் போகிறது, எனக்குச் சந்தோஷம்! சீ.

அக்கா சுவரில் கை வைத்தபடி நின்றாள். "அது மறுபடி வளருமாடி?"

மார்ச் 20

அந்தத் துண்டை வெட்டிச் சுவரோரமாகப் பதித்தால் பரவலாம். பரவாமலும் போகலாம். வெட்டிவிட்டால் ஒப்பிட்டுக் காட்ட என்னிடம் எதுவும் மிஞ்சாது. பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் துறைத்தலைவர் போனில் கத்தினார்: "இருக்கிற ஒரே ஆதாரம் அதும்மா. கை வெச்சுடாதே!"

வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தே பொழுது போனது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 21

வெட்டிவிட்டேன். நான் வெட்ட வெட்ட, அக்கா தட்டில் ஏந்திக்கொண்டு போய்ப் பதித்தாள். மூக்கைப் பொத்தவில்லை. சுவரடியில் இப்போதைக்கு மணல் மூட்டை அடுக்கியிருக்கிறோம்.

மே 30

ஊர் திரும்பிய பின்னும் துறைத்தலைவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று அக்கா போன் செய்தாள். பொறியாளர் கரையைப் பார்வையிட வந்தாராம். பதித்த இடத்தில் இறங்கப் போனவரை அதட்டி நிறுத்தியிருக்கிறாள்: "அங்க காலை வைக்காதீங்க சார். எங்க வீட்டு அஸ்திவாரம் அது."

அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துண்டுகளைச் சுற்றிப் பச்சையாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். அஸ்திவாரம் என்பதெல்லாம் ரொம்ப அதிகம். நான் திருத்தப் போகவில்லை.