ஸ்டெல்லா மாற்றிப் போட்ட இயர்போன்

செவ்வாய்க்கிழமை, மஹய்யாவ

போன வாரம் டவுனில் கடைக்கார இம்தியாஸ் நானா சொன்னார்: "அடுத்த சரக்கு வந்தா விலை இன்னும் கூடும் தம்பி. டொலர் இருக்கிற இருப்புக்கு இது இறங்காது." அந்தப் பேச்சை நம்பித்தான், நானும் மனைவி ஸ்டெல்லாவும் தண்ணீர்த் தொட்டிக்கென்று சேர்த்த காசில் இயர்போன் வாங்கினேன். பழையதும் இதே கம்பனி, இதே வடிவம். உள்ளே இருக்கிற ஸ்பீக்கர்தான் வேறு, சத்தம் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் என்று இன்றைக்கும் அவளிடம் அளந்துகொண்டிருந்தேன்.

"கண்ண மூடுங்க. நான் மாத்தி மாத்திப் போடுறேன், எது புதுசுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஒரே பாட்டு. இரண்டாவதைக் காதில் வைத்ததுமே, "இதுதான்! வயலின் தனியா கேக்குது பாரு" என்று கத்தினேன். கண்ணைத் திறந்தால் புதியது அவள் உள்ளங்கையில் இருக்கிறது.

சிரித்திருந்தால்கூடத் தேவலை. குழாயில் தண்ணீர் வரும் நேரமென்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்ததும், புதியதன் ரப்பர் சரியாகக் காதில் உட்காரவில்லை, அதனால்தான் என்றேன். "சரிங்க" என்றாள்.

விலை ஏறுது ஏறுது என்று மாதக்கணக்காகப் புலம்பியவன் நான். இப்போது படுக்கையில் கிடந்து போனில் அந்தப் புது இயர்போனின் விலையையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்படியேதான் இருக்கிறது.

ஏறித் தொலைக்கக் கூடாதா?