வேலுப்பிள்ளை சொன்ன ஓம்

அப்பா,

நேற்றுக் காலை இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தாதிப் பிள்ளை என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. உங்களுடைய கடைசி நாட்களின் மணம் அதுதான். "ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே அம்மா?" என்று அவள் கேட்டாள். "நான் ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ஓம் எண்டு சொன்னாக் காணும் அம்மா. கோர்ட்டில சாட்சி சொல்லுற மாதிரிச் சொல்லுறீங்கள்."

எழுபத்தைந்து வயது தாண்டியும் எனக்கு அந்தச் சொல் தனியாக வாயில் வராது. அது நீங்கள் போட்ட பழக்கம். சின்ன வயதில் ஒரு நாள் அம்மா குசினிக்குள் இருந்து, "பால்காரன் வரேல்லையோ?" என்று கேட்டா. நான் "ஓம்" என்றேன். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பி வந்தீர்கள். "என்ன ஓம்? வந்தவனோ, வரேல்லையோ? முழுசாச் சொல்லு." பால்காரனுக்காக ஒரு மனிதன் இவ்வளவு கோபப்படுவானா என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போனபின் அம்மா மெதுவாகச் சொன்னா, "கொப்பருக்கு ஓம் எண்டாக் காணும், சன்னதம் வந்திடும்." ஏன் என்று அவவுக்கும் தெரியாது.

யுத்தக் கதை சொல்வதில் உங்களுக்கு விருப்பம் இருந்தது. ஜேர்மன்காரன் போலந்துக்குள் புகுந்த கிழமை படையில் பெயர் கொடுத்தது, லெப்டினன்ட் ஆனது, சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த அன்று முகாமில் ஒருவரும் சாப்பிடாதது, எல்லாம் வரிசையாக வரும். பிறகு நேரே பர்மாவுக்குப் போய்விடுவீர்கள். மழை, சேறு, மலேரியா. கடைசியில் யப்பானில் இரண்டு குண்டு விழுந்து கப்டனாக வீடு திரும்பியது. யப்பான்காரன் நம்முடைய துறைமுகத்தில் குண்டு போட்டதும் எண்ணெய்த் தாங்கி எரிந்ததும் ஊரில் எல்லாக் கிழவர்களின் வாயிலும் இருந்தது. அன்று துறைமுகத்திலேயே நின்ற உங்கள் கதையில் மட்டும் திருகோணமலை இல்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

எனக்குப் பதினொரு வயதில் என்னை ஈச்சிலம்பற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மூதூருக்கு லோஞ்சில் கடல் தாண்டிப் போய், அங்கிருந்து பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலுமாகப் போனோம். வேலுப்பிள்ளை என்பவரின் வீடு. வீட்டில் இருந்த ஒரே கதிரையை உங்களுக்குத் தந்துவிட்டு அவர் நிலத்தில் குந்தினார். மீன் பிடிக்கிற ஆள், ஒல்லி. உங்களுக்குக் கீழே படையில் வேலை செய்தவராம். தேத்தண்ணி வந்தது. நீங்கள் கோப்பையைப் பிடித்தபடியே இருந்தீர்கள்.

அவர்தான் கதையைத் தொடங்கினார். "நான் சரியாத்தானே சொன்னனான், ஐயா? எங்கட பிளேன் இல்லைத்தானே எண்டு கேட்டீங்கள். ஓம் எண்டனான்."

நீங்கள் கோப்பைக்குள் பார்த்தீர்கள்.

"ஒருக்கா எழுதித் தருவீங்களோ? நான் பிழையாச் சொல்லித்தான் அந்தச் சனம் செத்ததெண்டு இண்டைக்கும் கதைக்கினம். கிண்ணியாப் பக்கம் போக ஏலாமக் கிடக்கு. உங்கட கையெழுத்தில ஒரு துண்டு காணும்."

"பாப்பம்" என்றீர்கள். பிறகு, தேத்தண்ணி நல்லா இருக்கு என்றீர்கள். அதில் நீங்கள் வாய் வைக்கவே இல்லை, அப்பா.

திரும்பி வரும்போது லோஞ்சில் நான் கேட்டேன், "அவர் என்ன எழுதித் தரச் சொன்னவர்?" நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். துறைமுகத் தண்ணீரைப் பார்த்தபடி, ஒரு சொல்லும் விடாமல் சொன்னீர்கள்.

அன்று காலை வேலுப்பிள்ளை குன்றின் மேல் தூரக்கண்ணாடியோடு நின்றார். நீங்கள் கீழே பீரங்கித் தளத்தில் ரெலிபோனில் நின்றீர்கள். பக்கத்தில் உங்கள் மேலதிகாரி, வெள்ளைக்காரத் துரை. கடல் பக்கமாக விமானங்கள் தெரிந்தன. "அவை நம்முடையவை இல்லையே?" என்று துரை இங்கிலீசில் கேட்டார். நீங்கள் அதைத் தமிழில் கேட்டீர்கள், "எங்கட பிளேன் இல்லைத்தானே?" மேலே இருந்து "ஓம்" என்று வந்தது. நீங்கள் துரையிடம் திரும்பி, "யெஸ், சேர்" என்றீர்கள்.

எங்கள் பேச்சில், இல்லைத்தானே என்று கேட்டதற்கு ஓம் என்றால், நீ சொன்னது சரி, இல்லை என்று அர்த்தம். இங்கிலீசுக்காரனுக்கு அந்தக் கேள்விக்கு யெஸ் என்றால், நம்முடையவைதான் என்று அர்த்தம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த உங்களுக்கு இது தெரியாததல்ல. அவசரத்தில் நாக்குத் தமிழில் நின்றுவிட்டது. துரை அபாய மணி அடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். கீழே இறங்குதுறையில், கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் வந்த கூலியாட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்களாம்.

"அவங்கள் கை காட்டினதை நான் பாத்தனான், பிள்ளை" என்றீர்கள்.

அது பிழை. யாருக்கும் வரக்கூடிய பிழை. அதற்காக உங்களை நான் ஒரு நாளும் குறை நினைத்ததில்லை. ஆனால் விசாரணை வந்தபோது, மேலே நின்றவன் நம்முடையவை என்று அறிவித்ததாகத் துரை ஒரு அறிக்கை எழுதினார். அதில் நீங்களும் கையெழுத்து வைத்தீர்கள். வேலுப்பிள்ளையைப் படையிலிருந்து விலக்கினார்கள். நீங்கள் பர்மாவுக்குப் போனீர்கள்.

ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த கிழமை முழுவதும் நீங்கள் மேசையில் தாளும் பேனையுமாக இருந்ததைப் பார்த்தேன். பெயரை எழுதுவீர்கள், அதற்கு முன்னால் கப்டன் என்று போடுவீர்கள், பிறகு கிழிப்பீர்கள். ஒரு நாள் தாளையும் பேனையையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். மூன்று வருசம் கழித்து வேலுப்பிள்ளை செத்த செய்தி வந்தது. நீங்கள் செத்த வீட்டுக்குப் போகவில்லை. நானும் போவோம் என்று கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிப் பின்னேரம் நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். வெளியே வேறொரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆமி வண்டிகள் போகிற சத்தத்தில் உங்கள் குரல் எடுபடவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நான் எழுதிக் குடுக்காதது பிழையில்லைத்தானே, பிள்ளை?"

முழுசாகச் சொல் என்று என்னை வளர்த்தவர் நீங்கள். பிழையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழை என்று சொல்ல மனம் வரவில்லை. "ஓம்" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதைத் தமிழ்க் காதால் பிழையில்லை என்று எடுத்தீர்களா, அந்தத் துரையின் காதால் பிழை என்று எடுத்தீர்களா, எனக்குத் தெரியாது. விடிவதற்குள் போய்விட்டீர்கள். நான் மறைந்துகொள்ள அந்தச் சொல்லில் இடம் இருந்தது, நானும் மறைந்துகொண்டேன். நான் உங்கள் பிள்ளைதான்.

இப்போது சொல்கிறேன், அப்பா. நீங்கள் வேலுப்பிள்ளைக்கு எழுதிக் கொடுக்காதது பிழை. அது பிழை என்று தெரிந்துகொண்டுதான் உங்கள் கையை நான் விடாமல் பிடித்திருந்தேன்.