பத்தொன்பது விநாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். பத்து நாளாக உன் போன் இல்லை, போன தடவை இருமிக்கொண்டே பேசினாய், அதுவே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு வேலை அதிகம் என்று அம்மா எனக்குச் சமாதானம் சொல்கிறாள், சொல்லிவிட்டு அவளும் போனைத்தான் பார்க்கிறாள்.

இந்த வாரம் ஆபீசில் என் உயிர் என்னிடம் இல்லை. நீ சொன்ன கம்ப்யூட்டரை எங்கள் சர்வேயர் வாங்கிப் போட்டார் அல்லவா, நில அளவுக் கணக்கு புதியதில் பாதி நேரத்தில் முடியும் என்று நான்தான் அடித்துச் சொல்லியிருந்தேன், என் பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். நீ அனுப்பிய சின்னப் புரோகிராமை, அதுதான் நூறு கோடித் தடவை கூட்டிப் பெருக்கிவிட்டு எத்தனை விநாடி ஆனது என்று காட்டுமே, அதை இரண்டிலும் ஓட்டினேன். பழையது நாற்பத்திரண்டு, புதியது நாற்பத்தேழு. மறுநாள் ஐம்பத்தொன்று, நேற்று ஐம்பத்துமூன்று. உள்ளே கோர் என்கிற கணக்குப் போடும் மூளை எட்டு இருந்தாலும் எங்கள் கணக்கை ஒரே ஒரு கோர்தான் சுமக்கும், அந்த ஒன்றின் வேகத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய், அப்படிப் பார்த்தும் இப்படி வந்தால் நான் என்ன செய்வேன். வெளியூர் போயிருக்கும் சர்வேயர் நாளை வருகிறார், சரியில்லையென்றால் கடைக்கே திருப்பிவிடலாம் என்று போகும்போதே சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் என் கணக்கில் அவர் ஒரு பிழை கண்டதில்லை. மூன்று நாளும் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், நீ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாய் என்றுகூடச் சொன்னேன்.

இன்று மதியம், நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அம்மா ஆபீசுக்கு வந்தாள். தூசி படக்கூடாதென்று அந்தப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வரும் முன்பே அளவு கேட்டு, ஒரு நூலிழை பிசகாமல் கெட்டித் துணியில் உறை தைத்து வைத்திருந்தேன், வந்த அன்றே மாட்டியதுதான், ஓடும்போதும் கழற்றவில்லை. அம்மா அதன்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, டிவி ரிமோட்டுக்கே உறை போடுற மனுஷன்னு தெரியும், இதையும் மூச்சு முட்ட மூடி வெச்சிருக்கீங்களே, தொட்டுப் பாருங்க, இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்குது என்றாள். உறையைக் கழற்றினேன், அரை மணி நேரம் ஆறவிட்டு ஓட்டினேன். பத்தொன்பது. நம்பாமல் நாலு தடவை ஓட்டினேன், நாலு தடவையும் பத்தொன்பதுதான். சூடு ஏறினால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று நீ முன்பே எழுதியிருந்தாய், அதைப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

மூடி வைத்தது நான்தான் என்று நாளை சர்வேயரிடம் சொல்லப்போகிறேன். அதைவிட உன்னைச் சந்தேகப்பட்டதுதான் உறுத்துகிறது. மன்னித்துவிடு கண்ணு.

நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். இருமலை அலட்சியப்படுத்தாதே, டாக்டரைப் பார். உன் புரோகிராமை நான் அழிக்கவில்லை. இனி தினமும் காலையில் ஆபீஸ் போனதும் ஒரு தடவை ஓட்டுவேன், பத்தொன்பது வந்தால் அங்கே நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்வேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். நீ போன் பண்ணினால் நிறுத்திவிடுகிறேன்.

உன் அப்பா