நனைத்த துவாய்

மில்லிக்கன், ஸ்காபரோ
நவம்பர் 3

அன்புள்ள மகன் கிருபனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் மருமகள் றஜிதாவும் உன் மகள் நிலாணியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம், அல்பேட்டாக் குளிரில் வேலை செய்கிற நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாய் திறந்தால் நீ மூன்று சொல்லி முடித்துவிடுவாய், கடிதத்தை இடையில் வெட்ட உன்னால் முடியாது, அதுதான். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, படியேற முடிகிறது. நிலாணி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிறுத்துவாள், விளங்காதவன்போல நின்றால் காலால் நிலத்தில் அடிப்பாள், கோபம் முழுக்க உன்னுடையது. போன கிழமை யோகட்டைக் காட்டி "தா" என்றாள். றஜிதா அவளுடைய சொற்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள், ஏழு இருந்தது, இப்போது எட்டு. எங்களுக்கு அன்றைக்குச் சோறே தேவைப்படவில்லை.

ஆனால் மகன், மூன்று வயதும் நாலு மாதமுமான பிள்ளைக்கு எட்டுச் சொல் போதாது. நீயும் றஜிதாவும் இரண்டு கிழமையாகப் போனில் சண்டை பிடிப்பது கீழே எங்கள் அறைக்குக் கேட்கிறது. பிள்ளையின் பேச்சைப் பரிசோதிக்க இருபத்துநாலாம் திகதி கிடைத்திருக்கிறது, தாய் தகப்பன் இரண்டு பேரின் கையெழுத்தும் கேட்கிறார்கள், தவறவிட்டால் இன்னும் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். நீயோ "நானும் நாலரை வயசுமட்டும் கதைக்கேல்லை, அம்மா பிள்ளையாருக்கு வெள்ளி நாக்கு நேர்ந்தவ, பேந்து என்ர வாயை மூட ஏலாமல் போச்சுது, உவள் என்ர மகள்தானே" என்கிறாய். பிள்ளைக்கு ஒரு பேரை ஒட்டிவிட்டால் பள்ளிக்கூடம் முழுக்க அது பின்னால் வரும் என்றும் சொல்கிறாய், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. றஜிதா பாவம், நேர்த்திக்கடனோடு அவள் எப்படி வாதாடுவாள். அந்தக் கதை அரைவாசிதான் உண்மை, மற்ற அரைவாசியை முப்பது வருடமாக ஒளித்தவன் நான்.

உனக்கு நாலு வயதில் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒரு துண்டுக் கடிதம் கொடுத்துவிட்டார், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, உதவி தேவை என்று. அம்மா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு "என்ர பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை, ஊமை எண்டு பேர் வைக்கப் பாக்கினம்" என்று அழுதார். நான் அம்மாவோடு கதைத்துப் பார்க்கவில்லை, எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வோபர்னில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் அன்ரனெற் மிஸ் என்று ஒருவர் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். நீச்சல் வகுப்பு என்று அம்மாவிடம் சொல்லி, இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் உன்னை அங்கே கொண்டுபோனேன். கண்ணாடிக்கு முன்னால் இருந்து "ப, ப, ப" என்பாய், சவர்க்காரக் குமிழி ஊதுவாய். வீட்டுக்குத் திரும்பமுதல் பிளாசாக் கழிவறையில் உன் தலையையும் துவட்டுகிற துவாயையும் பைப்பில் நனைப்பேன். இரகசியம் காக்க உன்னைவிட நல்ல ஆள் எனக்கு அந்த நாளில் கிடைக்கவில்லை. அந்த வயது உனக்கு ஞாபகமில்லை, வீட்டில் சொன்ன கதையை நம்பி, இரண்டு வருடம் படித்தும் மிதக்கக்கூடத் தெரியாது, படிப்பித்தவள் சரியில்லை என்று இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறாய். அந்த மனிசி படிப்பித்தது நீச்சல் இல்லை மகன், நீ இப்போது என்னை எதிர்த்துக் கதைக்கிற கதை.

ஒரு தை மாதம், அதே பைப்படியில், "அப்பா, தண்ணி குளிருது" என்றாய். நீ சேர்த்துச் சொன்ன முதல் வசனம் அதுதான். அந்த ஈரத் துவாயிலேயே நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் அம்மா கோவிலில் வெள்ளி நாக்குக் கொடுத்தார், பேர் முழுக்கப் பிள்ளையாருக்குப் போயிற்று, நானும் பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இதை உனக்கு எழுதமுதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அந்தத் துவாயைத் தோய்ச்சது நான்தானே, ரெண்டு வருசத்திலை ஒருநாளும் குளோரின் மணக்கேல்லை" என்றார். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டா நீங்கள் விட்டிடுவியள், கேளாட்டி பிள்ளை போய்வரும்" என்றார். யோசித்துப் பார், ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் துவாயை மடித்துப் பையில் வைத்துத் தந்ததும் அம்மாதான். ஒரே பிள்ளைக்காக ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒளித்து விளையாடியிருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. நீயும் றஜிதாவும் அப்படி இருக்க வேண்டாம், பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறாள்.

படிவம் இதற்குள் இருக்கிறது, கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் புள்ளி போட்டிருக்கிறேன், கிடைத்த அன்றே அனுப்பு. அனுப்பமுதல் றஜிதாவுக்கு ஒரு போன் எடு, இந்த முறை அவள் சொல்லி முடிக்கும்வரை கேள். நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலமும் உன்னைச் சேர வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

அன்புடன் அப்பா,
க. சண்முகநாதன்

பி.கு: நிலாணிக்கும் வெள்ளி நாக்கு நேர்ந்திருப்பதாக அம்மா எழுதச் சொன்னார், பிள்ளையார் தன் பங்கைச் செய்யட்டுமாம். இருபத்துநாலாம் திகதிக்குப் பிள்ளையின் பையை இப்போதே அடுக்கி வாசலில் வைத்துவிட்டார். திறந்து பார்த்தேன், யோகட் இருக்கிறது, பொம்மை இருக்கிறது, துவாய் இல்லை.