பனியா எண்ணெயா

ஜூலை 21, திங்கள்
மழை இல்லை. பனி மட்டும், எதிரே பேக்கரிகூடத் தெரியவில்லை. மண்சரிவு அள்ளும் டிப்பரின் ஜாக்கி சிலிண்டர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. தொட்டியைத் தூக்கி நிறுத்துவதே அதுதான். டிரைவர் செல்வராசு நாளைக்கே வேண்டும் என்கிறான். கழற்றியாயிற்று. ராடில் கீறல் இல்லை, எண்ணெய் வெளியே வராமல் பிடிக்கும் ரப்பர் சீல்தான் போய்விட்டது.
வாங்க: சீல் செட், மண்ணெண்ணெய், வீட்டில் சரோஜாவுக்கு இருமல் மருந்து.

ஜூலை 22, செவ்வாய்
பனி இன்னும். எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைப்பு. புது சீல் குளிரில் விறைப்பு. கொதிக்கும் தண்ணீரில் போட்டு இளக்கித்தான் மாட்டுவேன், எப்போதும். இன்று கெட்டில் ரிப்பேர். அப்படியே தள்ளினேன், உள்ளே போய்விட்டது.
மாலை டெஸ்ட். 180 பார் அழுத்தம், பத்து நிமிடம். கேஜ் முள் அசையவில்லை. ராடின்மேல் மட்டும் மெல்லிய ஈரம்.
செல்வராசு பார்த்துவிட்டான். "கசியுதுங்களாண்ணா?"
"குன்னூர்ல ஆடி மாசம் எதுங்க கசியல? பனி."
இந்த நோட்டிலேயே ஒரு தாள் கிழித்துத் துடைத்தேன். தாளைப் பின்னட்டைக்குள் செருகினேன், சாமான் லிஸ்ட் எழுத ஆகும். டெஸ்ட் கார்டில் 'சரி', கையெழுத்து. நான் பார்த்த ஒரு ஜாக்கியும் திரும்பி வந்ததில்லை என்று முதலாளியிடம் பெருமை வேறு.

ஜூலை 23, புதன்
வெயில். தெருவெல்லாம் துணி காய்கிறது. சரோஜா இருமல் பரவாயில்லை. செல்வராசு போன் செய்தான். நன்றாகத் தூக்குகிறதாம். நாளை லோடு இல்லை, காலையில் தொட்டியைத் தூக்கி வைத்து அடியில் படுத்து கிரீஸ் அடிக்கப் போகிறானாம். "உங்க கை பட்டா பயமில்லைங்கண்ணா." கேட்க நன்றாக இருந்தது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்
காலை. மூக்கு திறந்தது. பின்னட்டைத் தாளை எடுத்து லிஸ்ட். அரிசி. சோப்பு. மூன்றாவது வரியில் பேனா எழுதவில்லை. வேறு பேனா. அதுவும் வழுக்குகிறது. ஜன்னலில் பிடித்தேன், நடுவில் கண்ணாடி போல வட்டம், அதற்குள் வெளிச்சம். பனி என்றால் காய்ந்திருக்கும். முகர்ந்தேன். எண்ணெய்.
செல்வராசுக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை. கிளம்புகிறேன்.

மதியம். டிப்பர் ஸ்டாண்டில் தொட்டி தூக்கியபடி நின்றது, அடியில் அவன் கால் இரண்டு மட்டும். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். "வெளிய வாங்க" என்று கத்தினேன். இன்னொரு முறை சொன்னேன். கிரீஸ் கன்னோடு வந்தான்.
"பனி இல்லைங்க, எண்ணெய். சீல இளக்காம மாட்டிட்டேன். என் தப்பு."
அவன் கோபப்படவில்லை. குனிந்து பார்க்கச் சொன்னான். சேஸிஸுக்கும் தொட்டிக்கும் நடுவே கற்பூர மரக் கட்டை, தூண் மாதிரி. வைத்தபோது மேலே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்ததாம். இப்போது தொட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தது.
"கோவிச்சுக்காதீங்கண்ணா. யாரு மாட்டுனாலும் கட்டை வெச்சுத்தான் படுப்பேன்."
நேற்று போனில் சொன்னது மரியாதைக்கு. நல்லவேளை.

சாயங்காலம். சிலிண்டர் மறுபடி என் மேசையில். சீல் விளிம்பில் நகக்கண் அளவு மடிப்பு. முதலாளியிடம் நானே சொன்னேன். கார்டில் 'சரி'யை அடித்தாயிற்று.
வாங்க: கெட்டில். பிறகு சீல் செட்.