முழங்காலோடு நின்ற அம்மை

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் இருமல் நின்றதா? நடவு முடிந்ததா? மஸ்கட்டில் நாங்கள் மூவரும் நலம். பதறாமல் மேலே படி.

லீவுக்குக் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் காலையில் பூவிழியின் காலெல்லாம் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. அம்மை என்றே முடிவுகட்டி, வாசலில் வேப்பிலை செருகினேன், தாளிப்பதை நிறுத்தினேன். உனக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் விமானம் ஏறிவிடுவாய். கடுகில்லாத ரசத்தைப் பார்த்த உன் மாப்பிள்ளை லுங்கியைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்குந்தான் இருக்கு. ஏன் மேகலா, அம்மை முழங்காலோட நின்னுடுமா?"

மணல் பூச்சிக் கடி என்று சொல்லி டாக்டர் சிரித்தார். பொழுது சாயும்போது ஈர மணலில் உட்காரக் கூடாதாம், போகுமுன் காலில் எண்ணெய் தடவ வேண்டுமாம். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலமைன் தடவி, பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். அரிப்பு குறைந்திருக்கிறது.

இதைக் கொண்டுவரும் அனுராதாவிடம் பட்டுக்கோட்டைத் தேங்காயெண்ணெய் கொடுத்தனுப்பு. பூவிழிக்கு உறுத்தாமல் விரிக்க, நீ கட்டிப் பழசான நூல் புடவையும் வேண்டும். இரண்டாக அனுப்பு, எனக்கும் ஒன்று.

அந்தப் பதற்றத்தில் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். நேர்ந்தது நேர்ந்ததுதான், போட்டுவிடு. எதற்கென்று மட்டும் பூசாரியிடம் சொல்லிவிடாதே.

மறுபடி சொறிகிறாள், ஓடுகிறேன்.

உன் மேகலா