பேர் ஒட்டிய வீடு

மார்ச் 3, செவ்வாய்

பிரிட்ஜின் பக்கவாட்டில் நீல டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. காலையில் பால் எடுக்கும்போதுதான் பார்த்தேன். அதில் ‘நர்ஸ்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. கீழ் மாடி நர்ஸ் அக்கா எப்போது வந்து ஒட்டினாள் என்று தெரியவில்லை.

இந்த வெளிநாட்டு ஊரில் நம்மவர்களிடம் இதுதான் வழக்கம். யார் நாட்டுக்குத் திரும்பினாலும் மற்றவர்கள் முன்கூட்டியே வந்து, வேண்டிய சாமானில் தங்கள் பேரை ஒட்டிவிடுவார்கள். கிளம்பும் நாளில் தூக்கிக்கொண்டு போவார்கள். எதிர் வீட்டார் போனபோது அம்மாவும் ஒரு மேஜையில் ஒட்டினாள். அந்த மேஜையில்தான் இதை எழுதுகிறேன். இந்த மாதம் நாங்கள் கிளம்புகிறோம், அதன் காலில் இப்போது வேறு யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

மேல் மாடி கணக்கு மாமா வந்தார். ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். எங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், இன்னொரு மூலையில் உட்கார்ந்து பார்த்தார். அப்பா எழுந்து இடம் விடப் போனார்.

“நீங்க உட்காருங்க. இன்னும் உங்களுதுதானே.”

அப்பா சிரித்தார். வேலை போனதிலிருந்து எதைச் சொன்னாலும் சிரிக்கிறார். ஏசி மெக்கானிக். லீவு நாளில் இவர்கள் எல்லார் வீட்டு ஏசியையும் சும்மா கழுவிக் கொடுத்தவர். அந்த மாமா வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட கேட்டால்தான் வரும்.

மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், என் அலமாரியைத் திறந்தாள். உள்ளே என் துணிகள் இருந்தன. இதெல்லாம் எப்போது காலி பண்ணுவாய் என்று கேட்டாள்.

நானும் சிரித்தேன். அப்பாவின் மகள்தானே.

மார்ச் 8, ஞாயிறு

நான் ஒன்பதாவதோடு நின்றேன். நர்ஸ் அக்கா குழந்தை பெற்று மறுபடி வேலைக்குப் போன சமயம் அது. “கொஞ்ச நாளைக்கு மட்டும் பாத்துக்கோ கண்ணு” என்றாள். அந்தக் கொஞ்ச நாளில் அக்கா மகள் சுண்டுவுக்குப் பல் வந்தது, நடை வந்தது, பேச்சும் வந்துவிட்டது. என்னோடு படித்தவர்கள் பத்தாவது முடித்துவிட்டார்கள்.

அங்கே நாட்டில் சித்தி ஒரு டுட்டோரியலில் விசாரித்து வைத்திருக்கிறாள். ஜூனில் சேர்ந்தால் பத்தாவது எழுதிவிடலாமாம். இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அதிலும் யாராவது டேப் ஒட்டுவார்கள்.

மார்ச் 9, திங்கள்

வாஷிங் மெஷினில் இரண்டு பேர் ஒட்டியிருக்கிறார்கள். நர்ஸ் அக்காவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. நல்லது.

மார்ச் 11, புதன்

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

“நர்ஸ் அக்கா உன்ன இங்கயே வச்சுக்கறேங்கறா. விசாவ அவ பேருக்கு மாத்திக்குவாளாம். ஒரு வருஷம்தான். நீயும் சரின்னுட்டியாமே?”

நான் எப்போது சரி என்றேன்?

யோசித்து யோசித்துப் பார்த்தேன். லிஃப்டில். போன வாரம். உனக்கு இங்கே இருக்கத்தானே பிடிக்கும் என்று கேட்டாள். சிரித்தேன். அவ்வளவுதான். எனக்குப் பேச வராது, அதனால் சிரிப்பேன். ஏன் இப்படி ஊதிட்டே என்று கணக்கு மாமா கேட்டால்கூட சிரிப்பேன். அது சம்மதமா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். “அப்பாவுக்கு அங்க வேலை ஒண்ணும் அமையல இன்னும்” என்றாள் அம்மா. வாயை மூடிக்கொண்டேன்.

எரியுது. சோபாவ எடுத்துக்கங்க, பிரிட்ஜ எடுத்துக்கங்க. என்னையுமா?

மார்ச் 13, வெள்ளி

கணக்கு மாமா வீட்டில் எங்களுக்கு வழியனுப்பு விருந்து. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று மாமா நெடுநேரம் பேசினார். பேசி முடித்ததும் பாக்கெட்டிலிருந்து நீல டேப் எடுத்து என் தோளில் ஒட்டினார். ‘நர்ஸ்’ என்று எழுதியே கொண்டு வந்திருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் அக்கா என் கன்னத்தைத் தட்டினாள்.

“இவ எங்கயும் போகல. எங்க வீட்டுப் பொண்ணு. என்ன கண்ணு?”

என் வாய் தானாகவே சிரிக்கப் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“நான் சரின்னு சொல்லலக்கா. நான் போறேன்.”

குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அக்கா சிரித்தபடிதான் இருந்தாள், கண் மட்டும் மாறியது.

“அப்ப சுண்டுவ யாரு பாத்துப்பா?”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“ஊமை மாதிரி இருந்துட்டு எவ்வளவு பேசுது பாரு” என்றாள் அத்தை. நன்றி கெட்டது என்று யாரோ சொன்னார்கள். ஊருக்குப் போய் என்ன கலெக்டர் ஆகப் போறாளா என்றார் மாமா. அம்மா என் கையைக் கிள்ளினாள், இன்னும் வலிக்கிறது. அப்பா எழுந்து வந்து டேப்பை என் தோளிலிருந்து பிய்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

“அதான் சொல்லிட்டாளே” என்றார்.

சாப்பிடாமல் வந்துவிட்டோம்.

மார்ச் 14, சனி

பிரிட்ஜ் தனக்கு வேண்டாம் என்று நர்ஸ் அக்கா சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து அதில் தன் பேரை ஒட்டிவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அம்மாவும் என்னோடு பேசவில்லை. ஆனால் என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

சாயங்காலம் விமானம்.

காலையில் மணி அடித்தது. திறந்தால் சுண்டு மட்டும் நின்றாள், கையில் அவள் பை. அக்கா லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு. வெள்ளிக்கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி.

“இன்னிக்கு ஒரு நாள்தானே” என்றாள் அம்மா. எல்லா நாளும் இன்னிக்கு ஒரு நாளாகத்தான் இருந்தது.

சுண்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். ஊருக்கு என்றேன். நானும் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. பால் கொடுத்தேன். தலை சீவி விட்டேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு கீழ் மாடிக்குப் போனேன். அவள் அப்பா ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குவார். அவரை எழுப்பவே கூடாது. வீடு முழுக்க அதுதான் சட்டம், நானும் இத்தனை நாள் பூனை மாதிரி நடந்திருக்கிறேன்.

மணியை அழுத்தினேன். உள்ளே சத்தமில்லை. விரலை எடுக்காமல் அழுத்தினேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தார். சுண்டுவின் கையை அவர் கையில் கொடுத்தேன். பால் குடிச்சாச்சு என்று சொன்னேன். மேலே வந்து என் பெட்டியை மூடினேன்.